பிரயாணியும் திரும்பும் டிக்கட்டும்

அந்நிய தேசத்திற்குப் பிரயாணம் செய்யக் கருதுவோர் தமக்கு வேண்டுவன யாவை என்று வினவினால், பாஸ்போர்ட், விசா, கையிற் பணம் என்னும் மூன்றைச் சொல்லி அமைவதே பெரும்பான்மை வழக்கம். நான்காவதாக ஒன்று உண்டென்பது பலருக்கு விமான நிலையத்திலேதான் தெரியவருகிறது. அது, புகும் தேசத்தை விட்டு மீண்டும் வெளியேறுவதற்குரிய டிக்கட்டு. ஊருக்குத் திரும்பும் டிக்கட்டாயினும், வேறொரு தேசத்திற்குச் செல்லும் டிக்கட்டாயினும், ஏதோ ஒன்றைக் காட்டினாலன்றி விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லப்படுவது உண்டு. இது எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான விதியோ, சிலவற்றிற்கு மட்டும் உரியதோ, இதனைக் கேட்பவர் யார், கேட்பதன் காரணம் யாது என்பவற்றை இங்கு ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. 2025-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், முன்னர் என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இலங்கைக்குப் புறப்பட்டார். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்திற் சென்று, கண்டியும் அநுராதபுரமும் கண்டு, யாழ்ப்பாணத்தில் நண்பர் வீட்டிற் சில நாள் தங்கி, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்திற்குக் கப்பலில் மீள்வது அவர் கருத்து. 1914-ஆம் வருஷம் முதல் 1964-ஆம் வருஷத்துப் பெரும்புயல் வரையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலைப் பற்றி அவர் பாட்டனார் சொல்லக் கேட்டிருந்தமையால், கப்பலில் வரவேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்தது. நாகப்பட்டினத்துக் கப்பற் போக்குவரத்து 2023-ஆம் வருஷம் அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியதை நேயர்கள் அறிவர். யாழ்ப்பாணத்தில் எத்தனை நாள் தங்குவது என்று துணியாமையால் கப்பல் டிக்கட்டை அவர் முன்னரே வாங்கவில்லை.

விமானக் கம்பெனியின் மேஜையில் பெட்டியை நிறுத்தெடுத்த பெண்மணி, "திரும்பும் டிக்கட்டைக் காட்டுங்கள்" என்றார். "கப்பலில் வருவேன், அம்மா, டிக்கட்டு அங்கே வாங்கிக்கொள்வேன்" என்றார் மாணாக்கர். "அங்கே வாங்குவது இங்கே எங்களுக்குப் பயன்படாது" என்பது மறுமொழி. விசா அநுமதி இருக்கிறதே, இலங்கை அரசாங்கமே வரலாம் என்று சொல்லியிருக்கிறதே என்று இவர் வாதித்தார். இலங்கை அரசாங்கத்தின் அவ்வநுமதியிலேயே, பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லத்தக்கதாயிருத்தல், திரும்பும் டிக்கட்டு, செலவுக்குப் போதிய பணம் ஆகிய மூன்றும் நிபந்தனைகளாகக் குறிக்கப்பட்டிருத்தலை அப்பெண்மணி எடுத்துக்காட்டினார். இவர் அதனைப் படித்ததில்லை. நம்மில் எத்தனை பேர் படிப்போம்?

அவர் என் செய்தார் என்பதைப் பின்னர்ச் சொல்வேன். அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வினா இருந்தது. "நான் புகுவதோ இலங்கையில், நான் திரும்புவேனோ மாட்டேனோ என்ற கவலை இந்த விமானக் கம்பெனிக்கு ஏன்?" என்பதே அது. இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமானால், விமானம் தோன்றுவதற்கு முற்பட்ட கப்பற் காலத்திற்குச் செல்லவேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டார் 1891-ஆம் வருஷத்தில் இயற்றிய குடியேற்றச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. சட்டத்திற்கு மாறாக வந்தோரைக் கூடுமாயின் அவர்கள் வந்த கப்பலிலேயே உடனே திருப்பி அனுப்பவேண்டும் என்றும், அவர்களைக் கரையில் வைத்துப் போஷிக்கும் செலவும் திருப்பி அனுப்பும் செலவும் கப்பலின் சொந்தக்காரரையே சாரும் என்றும் அவ்விதி கூறிற்று. அடுத்த வருஷத் தொடக்கத்தில் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. அதன் பயன் யாதாயிற்று? ஏழைகளையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்றால் தம் செலவில் மீட்டுக் கொணரவேண்டுமே என்று அஞ்சிய கப்பற் கம்பெனிகள், ஹாம்பர்க், பிரெமன் முதலிய ஐரோப்பியத் துறைமுகங்களிலேயே பிரயாணிகளைப் பரிசோதிக்கத் தலைப்பட்டன. அமெரிக்காவின் வாயில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ஜெர்மனியின் கரைக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம். நம் மாணாக்கர் சென்னையிற் சந்தித்த மேஜை அந்த வழக்கத்தின் வழித்தோன்றலேயாம்.

டிக்கட்டைக் கொண்டு மனிதனைத் தடுக்கலாம் என்பதை அதனினும் கூர்மையாகக் கண்டவர்கள் கனடா தேசத்து அரசாங்கத்தார். 1908-ஆம் வருஷத்தில் அவர்கள் பிறப்பித்த உத்தரவின்படி, குடியேற வருவோர் தாம் பிறந்த தேசத்திலிருந்தோ தமக்குக் குடியுரிமையுள்ள தேசத்திலிருந்தோ, அங்கேயே வாங்கிய ஒரே டிக்கட்டில், இடையில் முறியாத பிரயாணமாக வரவேண்டும். இதில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. ஆயினும் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அவ்வாறு நேரே செல்லும் டிக்கட்டு கிடையாமற் போனமையால், சொல்லாமலே அவர்கள் விலக்கப்பட்டார்கள். ஆசியாவிலிருந்து வருவோர் கையில் 200 டாலர் வைத்திருக்கவேண்டும் என்ற விதியும் உடன் சேர்ந்தது.

1914-ஆம் வருஷம் ஏப்ரலில் குர்தித் சிங் என்பவர் கோமகட்டா மாரு என்னும் ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு, ஷாங்காய், யோகஹாமா முதலிய துறைகளில் ஆள் ஏற்றிக்கொண்டு, 376 பிரயாணிகளுடன் மே 23-ஆம் தேதி வாங்கூவரை அடைந்தார். அவர்களிற் பெரும்பாலோர் பஞ்சாபியர். எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். முன்னரே கனடாவில் வசித்த சிலர் நீங்கலாக ஏனையோர் இறங்க விடப்படவில்லை. இரண்டு மாதம் கரையைப் பார்த்துக்கொண்டே கப்பலில் இருந்து, ஜூலை 23-ஆம் தேதி திருப்பப்பட்டார்கள். செப்டம்பர் மாத இறுதியிற் கல்கத்தாவை அடுத்த பட்ஜ்பட்ஜ் துறையில் இறங்கியபொழுது நேர்ந்த கலகத்தில் இருபது பேரளவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் கனடாவின் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து அந்நிகழ்ச்சிக்காக மன்னிப்புக் கேட்டார். இக்காலத்துச் சுற்றுப்பிரயாணி தான் வெளியேறும் டிக்கட்டைக் காட்டுகிறான்; அக்காலத்து இந்தியன் தான் வந்த டிக்கட்டைக் காட்டவேண்டியிருந்தது. வேறுபாடு அவ்வளவே என்று சொல்ல நான் துணியேன். பின்னது ஓர் இனத்தை விலக்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் ஒரு காகிதத் துண்டைக் கேட்பதன் மூலம், காரணம் கூறாமலே கதவடைக்க இயலும் என்பதை நாம் நினைவில் வைத்தல் நன்று.

கப்பல்களின் இடத்தை விமானங்கள் கொண்டபின் இப்பழைய முறை அப்படியே ஆகாயத்திற்கு ஏறிற்று. 1944-ஆம் வருஷத்துச் சிக்காகோ உடன்படிக்கைக்கு ஒன்பதாம் அநுபந்தமாக 1949-இல் முதன்முதல் ஏற்கப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்ட விதிகள், பிரயாணி ஏறும் இடத்திலேயே அவனிடம் வேண்டிய தஸ்தாவேஜுகள் உள்ளனவா என்று விமானக் கம்பெனி பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கூறுகின்றன. உள்ளே விடத் தகாதவன் என்று ஓர் அரசாங்கம் விலக்கிய பிரயாணியை, அவன் புறப்பட்ட இடத்திற்கோ அவனை ஏற்கும் வேறிடத்திற்கோ கொண்டுபோகும் பொறுப்பும் அக்கம்பெனியினதே.

இப்பொறுப்போடு அபராதமும் சேர்ந்த வரலாற்றில் தமிழருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1987-ஆம் வருஷம் பிப்ரவரியில், இலங்கைப் போரினின்று தப்பி, ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிப் புகலிடம் வேண்டினர். அவர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபொழுது, அந்தக் குளிரில் ஓடுதளத்திலேயே பலர் மேலாடைகளைக் களைந்து நின்று மறுத்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. மறு மாதமே பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து மே மாதத்திற் சட்டமாக்கிற்று. தக்க பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாதவரைக் கொணரும் கம்பெனி, ஒருவருக்கு 1000 பவுன் வீதம் செலுத்தவேண்டும் என்பது அச்சட்டம். 1991-இல் அது 2000 பவுனாயிற்று. இந்தியாவும் 2000-ஆம் வருஷத்தில் இவ்வகைச் சட்டம் ஒன்றை இயற்றி ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025-ஆம் வருஷத்துக் குடியேற்ற, அந்நியர் சட்டம் அதனை நீக்கி அதன் இடத்தை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2001-ஆம் வருஷத்திற் செய்த ஏற்பாட்டில், ஒருவருக்கு 3000 யூரோவிற் குறையாத அபராதம் விதிப்பது உறுப்பு நாடுகள் கொள்ளத்தக்க வழிகளில் ஒன்று.

இவ்வபராதங்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கே உரியவை. டிக்கட்டு இல்லாமைக்கு அல்ல. அப்படியாயின் டிக்கட்டைப் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது? விமானக் கம்பெனிகள் டிக்கட்டோடு விதிக்கும் பிரயாண நிபந்தனைகளைச் சற்றுப் பொறுமையோடு படிப்போமானால் விடை அங்கேயே கிடைக்கும். ஒரு தேசத்திற் புக அநுமதி மறுக்கப்பட்ட பிரயாணி, தன்னைத் திருப்பிக் கொண்டுவரும் கட்டணத்தைத் தானே செலுத்தவேண்டும் என்றும், அவன் முன்னரே செலுத்திப் பயன்படுத்தாதிருக்கும் பிரயாணத்தின் பணத்தைக் கம்பெனி அக்கட்டணத்திற்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஆகவே திரும்பும் டிக்கட்டு கம்பெனிக்கு ஓர் ஈட்டுப்பணம். அஃதில்லாத பிரயாணி, ஜாமீன் இல்லாத கடன்காரனைப் போன்றவன். "நீ திரும்புவாயா?" என்பது அரசாங்கத்தின் வினா. "நீ திருப்பப்பட்டால் செலவு யாருடையது?" என்பது கம்பெனியின் வினா. ஒரே காகிதம் இரண்டிற்கும் விடையாவதால், இரண்டும் ஒரே வினாவென்று நாம் மயங்குகிறோம்.

இனி அரசாங்கங்களின் விதிகளைப் பார்ப்போம். இவை எல்லாம் ஒரு தன்மையன அல்ல. டிக்கட்டையே நிபந்தனையாக்கும் தேசங்கள் சில உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டார் சில தேசத்துப் பிரஜைகளை விசாவின்றி 90 நாள் வரை தங்க அநுமதிக்கும் திட்டத்தில், ஆகாய மார்க்கமாகவோ கடல் மார்க்கமாகவோ வருவோரிடம் வெளியேறும் டிக்கட்டு இருக்கவேண்டும் என்பது சட்டம். அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். அந்த டிக்கட்டு கனடாவிலோ, மெக்ஸிகோவிலோ, அடுத்துள்ள தீவுகளிலோ முடியுமாயின், அங்கே வசிப்பவரல்லாத பிரயாணிக்கு அது செல்லாது. பக்கத்து வீட்டுத் திண்ணைவரை சென்று மறுபடி நுழைந்துகொள்வான் என்ற ஐயம்போலும்! தரைவழியாக எல்லையைக் கடப்பவருக்கோ டிக்கட்டு வேண்டுவதில்லை. தரையிற் காலால் நடந்து திரும்புபவனுக்குக் கட்டணம் ஏது? விதியின் உள்நோக்கம் செலவைப் பற்றியதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இத்திட்டத்தில் இந்தியர் சேர்க்கப்படவில்லை. விசா பெற்றுச் செல்லும் இந்தியச் சுற்றுப்பிரயாணியைத் திரும்பும் டிக்கட்டுக் காட்டும்படி இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் அவர் திரும்பும் எண்ணமுடையவர் என்று அங்குள்ள அதிகாரி நம்பவேண்டும், நம்புவதற்கு டிக்கட்டு உதவும். பிலிப்பைன்ஸ் தேசமோ 2025-ஆம் வருஷம் ஜூன் முதல் இந்தியரை 14 நாள் விசாவின்றி அநுமதிக்கத் தொடங்கியபொழுது, திரும்பும் டிக்கட்டையோ மேற்செல்லும் டிக்கட்டையோ காட்டவேண்டும் என்று சேர்த்தே சொல்லிற்று. விசா என்னும் சுவரை இடிக்கும்தோறும் டிக்கட்டு என்னும் வேலி முளைப்பதை இங்கே காணலாம்.

நியூஸிலாந்தில், சுற்றிப் பார்க்க வருவோர் தம்மை ஏற்கும் வேறொரு தேசத்திற்குச் செல்லும் டிக்கட்டையேனும் அதற்கான ஏற்பாட்டின் சான்றையேனும் காட்டவேண்டும். அதனோடு மாதம் ஒன்றுக்கு 1000 நியூஸிலாந்து டாலரும், தங்குமிடச் செலவு முன்னரே செலுத்தப்பட்டிருப்பின் 400 டாலரும் உடையவராதல் வேண்டும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் வேறு வழியிற் செல்கின்றன. 2016-ஆம் வருஷத்து எல்லை விதித்தொகுப்பின் ஆறாம் பிரிவு, வருவோர் தாம் வந்த நோக்கத்தை விளக்கவும், தங்குவதற்கும் சொந்த தேசத்திற்குத் திரும்புவதற்கும் போதிய பொருள் தம்மிடம் உண்டெனக் காட்டவும் வேண்டும் என்று சொல்கிறது. திரும்பும் டிக்கட்டு அதன் அநுபந்தத்தில், அதிகாரி கேட்கக்கூடிய சான்றுகளில் ஒன்றாக மட்டும் குறிக்கப்பட்டுள்ளது. பிரிட்டனின் விதியும் இதனையே ஒக்கும்: திரும்பும் பிரயாணத்திற்குரிய செலவு கையில் இருக்கவேண்டும் என்கிறதேயன்றி, டிக்கட்டை வாங்கியே ஆகவேண்டும் என்று கூறவில்லை. நியாயத்தைப் பார்க்குமிடத்து இதுவே சிறந்த முறை என்பது என் கருத்து. தங்கிவிடக் கருதுபவன் ஒரு டிக்கட்டை வாங்கி அதனை வீணாக்கத் தயங்கமாட்டான். நாள் குறியாமல் நேர்மையாகப் புறப்பட்ட ஏழை மாணாக்கனே அதனால் இடர்ப்படுகிறான். டிக்கட்டு, பணம் உண்டு என்பதற்குச் சாட்சி. மனம் உண்டு என்பதற்குச் சாட்சியாகாது.

விதிகள் இவ்வாறு பலவாறாயிருக்க, மேஜையில் நிற்கும் உத்தியோகஸ்தர் எதனைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்? சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தார் டைமாட்டிக் என்றொரு குறிப்புத் தொகுதியை நடத்துகின்றனர். பிரயாணியின் பிரஜா உரிமை, செல்லும் இடம், பிரயாண நோக்கம் முதலியவற்றைச் சொன்னால், அத்தேசத்து விதிகளை அது கணத்திற் காட்டும். கம்பெனிகளிற் பெரும்பாலன இதனையே நம்புகின்றன. ஒரு தேசத்தின் விதி "கேட்கலாம்" என்று சொல்லுமிடத்தில், கம்பெனி "காட்டவேண்டும்" என்று பொருள்கொள்வது உண்டு. வரிசையில் நூறு பேர் நிற்க, இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்யவேண்டிய ஊழியர், தவறினால் தம் எஜமானருக்கு நஷ்டம் என்று அறிந்தவர், கடுமையின் பக்கமே சாய்வார். அவரை வைது பயனில்லை. ஆதலால் பிரயாணி புறப்படுமுன் இரண்டு இடத்தில் விசாரிக்கவேண்டும்: செல்லும் தேசத்து அரசாங்கம் வெளியிட்ட விதியைப் படித்தல் ஒன்று, விமானக் கம்பெனியிடம் எழுத்து மூலமாகக் கேட்டு விடையைக் கையில் வைத்துக்கொள்ளல் மற்றொன்று.

காட்டும் டிக்கட்டு எத்தகையது என்பதிலும் கவனம் வேண்டும். இடம் பதிவு செய்தல் வேறு, டிக்கட்டு வேறு. ஆறு எழுத்தோ எண்ணோ கொண்ட பதிவுக் குறி, இடம் ஒதுக்கியிருப்பதை மட்டும் காட்டும். பணம் செலுத்தி டிக்கட்டு வழங்கப்பட்டபின்னரே பதின்மூன்று இலக்கமுள்ள டிக்கட்டு எண் பிறக்கும். சில நாளைக்கு மட்டும் உயிரோடிருக்கும் பதிவுகளைச் சிறு தொகைக்கு விற்போரும், டிக்கட்டைப்போற் காகிதம் அச்சிட்டுக் கொடுப்போரும் இக்காலத்தில் உளர். மேஜையில் உள்ள ஊழியர் எண்ணைத் தட்டிப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும். அதனினும் கேடு, பொய்த் தஸ்தாவேஜு காட்டினான் என்ற பழி ஏட்டிற் பதிந்து, பின்னர் உண்மையாகவே படிக்கச் செல்ல விரும்பும்பொழுது குறுக்கே நிற்பது.

படிக்கச் செல்லும் மாணாக்கரைப் பற்றி ஒரு சொல். இரண்டு மூன்று வருஷம் கற்க விசா பெற்றுச் செல்பவருக்கு இவ்விதி பெரும்பாலும் தடையாவதில்லை. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மாணாக்கர் விசாவிற் செல்வோர் ஒருவழி டிக்கட்டிலேயே போகிறார்கள். நியூஸிலாந்து போன்ற இடத்தில், திரும்பும் டிக்கட்டு இல்லாவிடின் அதனை வாங்கப் போதிய பணமாவது உண்டெனக் காட்டவேண்டும். மகனை அனுப்பும் பெற்றோர் இரண்டு வருஷத்திற்குப் பிந்திய டிக்கட்டைத் தேடி அலையவேண்டுவதில்லை. கம்பெனிகள் ஏறக்குறைய ஒரு வருஷத்திற்கு அப்பால் டிக்கட்டு விற்பதும் இல்லை.

இனி நம் மாணாக்கரிடம் மீள்வோம். விமானம் புறப்பட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவர் கப்பல் டிக்கட்டை அங்கேயே வாங்க எண்ணித் தம் கைத்தொலைபேசியிற் பார்த்தார். வேண்டிய வாரத்தில் எந்த நாளைக் குறிப்பதென்று தெரியவில்லை. மேலும், கடல் கொந்தளித்தால் நின்றுவிடும் கப்பலின் டிக்கட்டை அந்தப் பெண்மணி ஏற்பாரோ என்ற ஐயமும் இருந்தது. கேட்டபொழுது, "ஏற்போம், ஆனால் நாள் குறித்திருக்கவேண்டும்" என்றார். ஊரிலிருந்த தமையனாருக்குச் செய்தி சொல்லி, ரத்துச் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஒரு விமான டிக்கட்டை வாங்கச் செய்தார். விலை ஒருவழி டிக்கட்டினும் இரண்டு பங்கு. அக்காகிதம் தொலைபேசியில் வந்து சேர்ந்தபொழுது மேஜையை மூடுவதற்குப் பத்து நிமிஷமே இருந்ததாம். இறுதிவரை பொறுமையோடு காத்திருந்தவர் அந்தப் பெண்மணிதான் என்பதையும் அவர் கடிதத்தில் மறவாது எழுதியிருந்தார்.

கொழும்பிற் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, எங்கே தங்குவீர் என்று மட்டும் கேட்டு முத்திரையிட்டார். டிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அவர் காங்கேசன்துறையிற் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கிய அன்று மாலையே திருச்சி டிக்கட்டை ரத்துச் செய்தார். பிடித்தம் போக மிச்சப் பணம் மூன்று வாரம் கழித்துத் தமையனார் கணக்கில் வந்து சேர்ந்தது.